மாமனார் கொண்டுவந்த ஓய்வு

(சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள திருச்சபையின், குடும்பக் கூடுகையில் குருவானவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் அன்பான பெரியோர்களே, தாய்மார்களே, ஓரிடத்தில் உட்கார மனமில்லாத பிள்ளைகளே,

அடுத்த மாதம் முதல் எனக்கு ஓய்வுக்காலம், அதாவது ஊழியத்திலிருந்து சிறிது கால விடுப்பு, என்று ஆலயத்தில் அறிவிப்பு வாசித்ததிலிருந்து குருமனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "ஐயா, உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "மாற்றல் வந்துவிட்டதா?" என்கிறார்கள். உடம்பும் நன்றாக இருக்கிறது, மாற்றலும் வரவில்லை. நன்றாக இருக்கும்போதே ஓய்ந்திருக்கத்தான் வேதம் சொல்கிறது. நோய் வந்தபின் படுத்துக்கொள்வதற்குக் கட்டளை எதற்கு? அதைக் காய்ச்சலே பார்த்துக்கொள்ளும்.

இன்று ஒரு மாமனாரைப் பற்றிப் பேசப்போகிறேன். மருமகன்மார் யாரும் பயப்பட வேண்டாம். வேதத்தில் யாத்திராகமம் 18ஆம் அதிகாரம். எகிப்தின் ராஜாவான பார்வோனை எதிர்த்து நின்று, செங்கடலைக் கடந்து, இஸ்ரவேல் ஜனத்தையே நடத்தி வந்த மோசே வனாந்தரத்தில் பாளயமிறங்கியிருக்கிறார். மீதியானிலிருந்து மாமனார் எத்திரோ வருகிறார். தனியாக வரவில்லை. மோசே முன்பு திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு மகன்களையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார். நம் ஊரில் மகளைக் கொண்டுவந்து விடுகிற அப்பா வாசலில் நின்று என்னென்ன பேசுவார் என்பது உங்களுக்கே தெரியும். எத்திரோ ஒரு குறையும் சொல்லவில்லை. கர்த்தர் செய்த நன்மைகளைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார், பலி செலுத்தினார், மூப்பர்களோடு போஜனம்பண்ணினார். மறுநாள் மருமகன் பார்க்கும் வேலையைக் கவனித்தார்.

காலை தொடங்கிச் சாயங்காலம் வரை மோசே நியாயம் விசாரிக்கிறார். ஜனங்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். எத்திரோ சொன்னார்: "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்." கவனியுங்கள், மருமகன் களைத்துப்போவார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. காத்து நிற்கிற ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்கிறார். ஒருவர் ஓயாமல் உழைத்தால் ஊருக்கு நல்லது என்று நாம் நினைக்கிறோம். எத்திரோ அப்படி நினைக்கவில்லை. ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்தும்படி ஆலோசனை சொன்னார். மோசே கேட்டார். ஓய்வுநாள் கட்டளை கற்பலகையில் எழுதப்படுவதற்கு முன்பே அவருடைய தோளிலிருந்த பாரத்தைக் கர்த்தர் ஒரு மாமனாரைக் கொண்டு இறக்கிவைத்தார்.

இந்த அதிகாரத்தில் என் மனதை விட்டுப் போகாத ஒன்று உண்டு. மோசே எதிர்கொண்டு போய் மாமனாரை வணங்கி முத்தஞ்செய்தார், சுகம் விசாரித்தார் என்று எழுதியிருக்கிறது. சிப்போராளோடு பேசியதாகவோ, பிள்ளைகளைத் தூக்கி அணைத்ததாகவோ ஒரு வரிகூட இல்லை. எழுதாமல் விட்டிருக்கலாம், அணைத்திருப்பார் என்றே நம்ப விரும்புகிறேன். ஆனாலும் மறுநாள் பொழுது முழுதும் அப்பா ஊர் வழக்குகளோடு இருந்தார், கெர்சோம் எங்கே இருந்தான்? குருமனையில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் புரியும். அவர்கள் தங்கள் தகப்பனைச் சேகரம் முழுவதோடும் பங்குபோட்டுக்கொள்கிறவர்கள். வீடுவீடாகப் போய்க் குடும்ப ஜெபம் நடத்துகிறவருடைய வீட்டிலும் குடும்ப ஜெபத்துக்கு எல்லோரும் சேர்ந்து உட்கார நேரம் வேண்டும். எனக்குக் கிடைக்கிற ஓய்வுக்காலம் முதலாவது அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மாவுக்கும் உரியது.

ஓய்வு எத்தனை நாள் என்பதைவிட யாரோடு என்பதுதான் பெரிது. 1929இல் சோவியத் நாட்டில் இயந்திரங்கள் ஒருநாளும் நிற்கக்கூடாது என்று வாரத்தையே ஐந்து நாளாக்கினார்கள். தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஓர் ஓய்வுநாள் என்று வகுத்தார்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்தது ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைத்தது, கணக்குப்படி லாபம். ஆனால் கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறு நிறம் என்று அமைந்தபோது, அவன் வீட்டில் இருக்கும் நாளில் அவள் ஆலையில் இருந்தாள், பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். ஜனங்கள் முறையிட்டார்கள். 1931இல் பொதுவான ஓய்வுநாள் வந்தது, 1940இல் ஏழு நாள் வாரமே திரும்பி வந்தது. ஆலயத்தில் மணியடித்து அழைக்காத அரசாங்கமும் கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்தது எனக்கு மிகுந்த சந்தோஷம்.

இப்போது ஒரு வேதப் பரீட்சை. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய நான்காம் கட்டளையில் யார் யாருக்கு ஓய்வு? நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கும் அந்நியன். மனைவியின் பெயர் தனியாக இல்லை. சில வீடுகளில் ஆண்கள் இதை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள் போலும், ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மட்டும் ஓய்வதில்லை! என் புரிதல் இது: கட்டளை அவளுக்கும் நேரடியாகவே சொல்லப்பட்டது. கணவன் பார்த்துக் கொடுக்கிற சலுகைப் பட்டியலில் அவளை ஏன் சேர்க்க வேண்டும்? வனாந்தரத்தில் ஜனங்களுக்கு வானத்திலிருந்து மன்னா என்ற ஆகாரம் விழுந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து, சுடவேண்டியதைச் சுட்டு, வேகவைக்கவேண்டியதை வேகவைத்து, மீதியை மறுநாளுக்கு வைக்கச் சொன்னார் கர்த்தர். மற்ற நாட்களில் மிச்சம் வைத்தால் பூச்சி பிடித்தது. ஓய்வுநாளுக்கு வைத்தது கெடவில்லை. சமையற்கட்டின் ஓய்வுக்காகப் பரலோகமே அற்புதம் செய்திருக்கிறது.

ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த வழியில்தான் 1880இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பேராசிரியர்களுக்கு ஏழாண்டுக்கு ஒருமுறை விடுப்பு தந்தது. நம் பக்கத்தில் 1845இலேயே மதுரை அமெரிக்க மிஷன் ஊழியர்கள் சமவெளி நோய்களுக்குத் தப்பப் பழனி மலையேறிக் கோடைக்கானலில் வீடு கட்டினார்கள். அவர்கள் மேலே போன நாட்களில் கீழே கிராமங்களைத் தாங்கியவர்கள், குருவானவருக்குத் துணையாகச் சபைகளைக் கவனிக்கிற நம் உபதேசியார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் ஓய்வு கொடுத்தார்கள்? எனக்கு மட்டும் ஓய்வுக்காலம் தந்துவிட்டு, நம் உபதேசியாரையும் மணியடிக்கிறவரையும் விட்டுவிட்டால் நான் எத்திரோவின் பேச்சைப் பாதிதான் கேட்டவனாவேன். ஆகவே அவர்களுக்கும் முறைவைத்து விடுப்புத் தரச் சேகரக் கமிட்டியைக் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள், சத்தமாகக் கேளுங்கள்.

நான் இல்லாத நாட்களில் வீட்டு ஜெபங்களைப் பெரியவர்கள் நடத்துவார்கள். மருத்துவமனையில் இருப்பவர்களை இரண்டிரண்டு பேராகப் போய்ப் பாருங்கள். அண்ணன் தம்பி வழக்குகளை என் வருகைக்காகச் சேமித்துவைக்க வேண்டாம், அன்றன்றே சமாதானமாகிவிடுங்கள். ஆண்களுக்கு ஒரு வேலை பாக்கியிருக்கிறது. அசனப் பண்டிகையில் ஊருக்கே சோறும் சாம்பாரும் ஆக்கி இறக்குகிற கை உங்கள் கை. அதே கைக்கு வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பது பெரிய காரியமா? மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மாக்கள் அடுப்புப் பக்கம் வரக்கூடாது. சம்மதிக்கிறவர்கள் பெயர் கொடுங்கள், செயலர் நோட்டோடு வாசலில் இருக்கிறார். தாய்மார்களே, பெயர் கொடுக்காமல் நழுவுகிறவர்களை நீங்களே கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.