முள்கரண்டியால் பல் குத்தும் இளவரசர்: ஆங்கிலேயர் தங்கள் சாப்பாட்டு மேசையைக் கேலி செய்தது ஏன்?

அடுத்த கேள்விக்கு வருவோம். "டேபிள் மேனர்ஸ் என்றாலே ஆங்கிலேயரைத்தான் உதாரணம் காட்டுகிறோம். ஆனால் 18-ஆம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரங்களில் ஆங்கிலப் பெரிய மனிதர்கள் அநாகரிகமாகச் சாப்பிடுவதைப் பார்க்கிறேன். இவை எதிரி நாட்டார் வரைந்தவையா? சாப்பிடும் விதத்தை மட்டும்தான் கேலி செய்கிறார்களா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

எதிரி நாட்டார் யாரும் வரையவில்லை. லண்டன் ஓவியர்கள் லண்டன் ஜனங்களுக்காகவே வரைந்து, லண்டன் கடைகளில் விற்ற படங்கள் இவை. இரண்டாவது கேள்விக்கு ஒரு படத்தை நிதானமாகப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

திரையில் இருப்பது ஜேம்ஸ் கில்ரேயின் படம், 1792 ஜூலையில் வெளிவந்தது. நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ். பிற்காலத்தில் நான்காம் ஜார்ஜ் என்று மன்னராக முடிசூடியவர். இந்தப் படம் வந்தபோது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கை பாருங்கள், முள்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்கிறார். தட்டில் கடித்துப் போட்ட எலும்பு. வயிறு பிதுங்கி, உள்சட்டை ஒரே ஒரு பொத்தானில் தாக்குப்பிடித்து நிற்கிறது. மேசைக்கு அடியில் காலி மது பாட்டில்கள்.

பெரும்பாலானோர் இதோடு சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் பின்னால் பாருங்கள். நிரம்பி வழிகிற மூத்திரச் சட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில் சில காகிதங்கள் நசுங்கிக் கிடக்கின்றன. கறிக்கடை, கோழிக்கடை, ரொட்டிக்கடைப் பாக்கிச் சீட்டுகள்தான் அவை. அவர் தின்று தீர்த்த சாப்பாட்டுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை! என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் உயிர் அந்த மூலையில்தான் இருக்கிறது. பல் குத்துவது நம் கண்ணை உள்ளே இழுப்பதற்கு. உள்ளே வந்த பிறகு கில்ரே காட்டுவது கடன் கணக்கு.

அது கற்பனைக் கணக்கும் இல்லை. 1787-இல் இந்த இளவரசரின் கடனை அடைக்க நாடாளுமன்றம் 1,61,000 பவுண்டு ஒதுக்கியது. அவருடைய கார்ல்டன் மாளிகை வேலைக்குத் தனியாக 60,000 பவுண்டு. அப்படியும் 1795-க்குள் கடன் 6,30,000 பவுண்டுக்கு ஏறிவிட்டது. படத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிவதும் அந்த மாளிகைதான். சுவரில் கையில் தண்ணீர்க் கோப்பையோடு ஒருவர் படம் மாட்டியிருக்கிறதே, அவர் லூயிஜி கொர்னாரோ. அளவாகச் சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம் என்று எழுதிய வெனிஸ்காரர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் படம் புள்ளி புள்ளியாகச் செதுக்கி, மென்மையான சாயல் வருவதுபோல் அச்சிட்டது. அன்றைக்குக் கௌரவமான உருவப்படங்களுக்குப் பயன்பட்ட முறை அது. ஒரு ராஜகுமாரனுக்குரிய அத்தனை நேர்த்தியோடும் அவரை எச்சில் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதே மாதக் கடைசியில் இதற்கு ஜோடியாக இன்னொரு படம் வந்தது. இதில் இருப்பது அப்பா, மூன்றாம் ஜார்ஜ் மன்னர். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ரகமாக அவரைக் காட்டுகிறார் கில்ரே. ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு உட்கார்ந்து அவித்த முட்டை சாப்பிடுகிறார். குடிப்பதற்குத் தண்ணீர். எதிரே ராணி சார்லட் பச்சைக் கீரையை வாயில் திணித்துக்கொள்கிறார். கணப்பு அடுப்பில் நெருப்பு இல்லை, பூக்களைச் செருகி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வட்டிக் கணக்கு அட்டவணை வேறு. அளவாகச் சாப்பிடுவது நல்ல பழக்கம்தானே, அதையும் ஏன் கேலி செய்ய வேண்டும் என்று தோன்றலாம். நாட்டின் தலைவர் காசைப் பூட்டி வைப்பதையும் ஜனங்கள் ரசிக்கவில்லை. மகன் ஊதாரி, அப்பா கஞ்சன். இரண்டையும் சொல்ல கில்ரேவுக்கு ஆளுக்கொரு சாப்பாட்டு மேசை போதுமானதாக இருந்தது.

இவருக்கு முன்னோடி வில்லியம் ஹோகார்த். 1754-இல் நடந்த ஆக்ஸ்போர்டுஷயர் தேர்தலை வைத்து அவர் வரைந்த ஓவிய வரிசை லண்டனில் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் ஓவியமே வாக்காளர்களுக்குக் கட்சி போடும் விருந்து. மேசைக் கோடியில் மேயர், சிப்பிகளை அளவில்லாமல் தின்று மயங்கிச் சரிந்திருக்கிறார். வைத்தியர் அன்றைய சிகிச்சை வழக்கப்படி அவர் கையிலிருந்து ரத்தம் இறக்குகிறார். மேயரோ முள்கரண்டியில் குத்திய சிப்பியை இன்னும் விடவில்லை! இங்கேயும் விஷயம் சாப்பாடு இல்லை, ஓட்டு.

சரி, இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? கில்ரேயின் படங்களை வெளியிட்டவர் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி. அப்போது பழைய பாண்ட் தெருவில் கடை வைத்திருந்தார். வாங்குகிறவர்கள் வசதியானவர்கள். ஆனால் கடை ஜன்னலில் மாட்டியிருப்பதைப் பார்க்கக் காசு வேண்டாம், படிப்பும் வேண்டாம். பாராளுமன்ற விவாதம் புரியாதவருக்கும் எலும்பும் பாக்கிச் சீட்டும் புரியும். அதனால்தான் ஓவியர்கள் திரும்பத் திரும்ப மேசைக்கே வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, அந்த இளவரசர் என்ன செய்தார் என்பது. 1820-இல் மன்னரானார். அந்த ஜூன் மாதம், தன்னை ஒழுக்கக்கேடான நிலையில் வரையக்கூடாது என்பதற்காக ஜார்ஜ் குரூக்ஷாங்க் என்ற ஓவியருக்கு 100 பவுண்டு போனது. அவரும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். ஆகஸ்டில் வில்லியம் ஹோன் வெளியிட்ட ஒரு சிறு நூலுக்கு அதே குரூக்ஷாங்க்தான் படங்கள் போட்டார். மன்னரின் கதையைப் படிப்படியாகச் சொல்லும் அந்த வரிசையில் முதல் படத்திலேயே, இளவரசர் குடித்துவிட்டு நாற்காலியில் சரிந்து கிடக்கிறார்.