பழுதுக்குக் காசு வாங்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். நான் திருப்பூரில் வீடியோ கேம் சென்டர் நடத்துகிறேன். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம் போட்டதும் ஞாயிறு காலையிலேயே பையன்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், முக்கால்வாசிப் பேருக்கு ஃபுட்பால் கேம்தான் வேண்டும். அதில் சிலர் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து, புதுசோ செகண்ட் ஹேண்டோ, சொந்தமாக ஒரு பிளேஸ்டேஷன் வாங்கிவிடுகிறார்கள், அதுதான் டிவியில் மாட்டி ஆடும் சோனி கம்பெனியின் கேம் மெஷின், இந்த மாதிரி மெஷினைக் கன்சோல் என்பார்கள். அப்படி வாங்கினவர்கள் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "டிஸ்க்குக்குத்தான் அவ்வளவு காசு குடுத்தாச்சே, அப்டேட்டுக்கு வேற எதுக்குங்ணா காசு கேக்கறாங்க?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்ற பொருளில் உள்ள குறையைச் சரிசெய்யும் அப்டேட்டுக்கு ஒரு பைசாகூட வாங்கக் கூடாது. புதிதாக உழைத்து ஏதாவது சேர்த்தால் அதற்கு விலை வைக்கலாம், தப்பில்லை. நம் பக்கம் கிணற்று மோட்டார் வாங்கி ஒரே மாதத்தில் காயில் எரிந்துபோனால் கடைக்காரர்தான் மாற்றித் தர வேண்டும், அஞ்சு எச்.பி. பத்தவில்லை ஏழரை வேண்டும் என்றால் நாம்தான் காசு எடுத்துவைக்க வேண்டும், இதில் யாருக்கும் குழப்பமே கிடையாது. கேம் விற்கிறவர்கள்தான் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, வாங்குகிறவனைக் குழப்புகிறார்கள்.

ஒரு காலத்தில் மெஷினில் சொருகும் கேசட் மாதிரியான கார்ட்ரிட்ஜில் கேம் வந்தபோது விற்றது விற்றதுதான், அப்புறம் கைவைக்க முடியாது. அதனால் நன்றாகச் சோதித்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள், அப்போதும் குறை இல்லாமல் இல்லை, ஆனால் பயம் இருந்தது. நெட் வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. சரி, சரிசெய்யும் வசதி வந்ததே, அது நல்லதுதானே என்றால், அந்தச் செலவு யார் தலையில் என்ற கேள்வி உடனே வருகிறது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் கேம் மெஷினான எக்ஸ்பாக்ஸ் 360-இல் 2012-ஆம் ஆண்டு ஃபெஸ் என்ற சின்ன கேம் வந்தது. அதற்கு விட்ட ஒரு அப்டேட், சிலருடைய சேவ் ஃபைலையே, அதாவது அதுவரை ஆடிய ஆட்டத்தின் பதிவையே, கெடுத்துவிட்டது. திரும்ப ஒரு அப்டேட் விட வேண்டுமானால் மைக்ரோசாப்டுக்குப் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும், அவ்வளவு பணம் எங்களால் ஆகாது என்று அந்த கேமைச் செய்த சின்னக் கம்பெனி கையை விரித்துவிட்டது. 2013-இல் மைக்ரோசாப்ட் அந்தக் கட்டணத்தை எடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆக, ஆடுகிறவனிடம் நேராகக் காசு கேட்காவிட்டாலும், நடுவில் யாரோ கட்டணம் வைத்தால் கடைசியில் பழுதோடு உட்கார்ந்திருப்பது ஆடுகிறவன்தான்.

சைபர்பங்க் 2077 என்ற கேமின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2020 டிசம்பரில் வந்தது, பிளேஸ்டேஷன் 4-இல் ஆடவே முடியாத நிலை, சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அதற்குப் பிறகு கேமைச் செய்த கம்பெனி வருடக்கணக்கில் இலவச அப்டேட் விட்டு கேமைத் தூக்கி நிறுத்தியது, அதைப் பாராட்ட வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டும் இலவசம். ஆனால் அது பிளேஸ்டேஷன் 4-க்கு வரவே இல்லை. முதல் நாளே முழு விலை கொடுத்து, எல்லாரையும்விட அதிகமாக அவதிப்பட்டவர்கள் யாரோ அவர்களுக்கு மட்டும் அந்த நல்ல பதிப்பு கிடைக்கவில்லை. பழைய மெஷினில் அது ஓடாது என்பது உண்மையாகவே இருக்கட்டும், அப்படியானால் அந்த மெஷினுக்கு ஏன் விற்றீர்கள்?

எல்லாம் இலவசம் என்றால் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கடை நடத்துகிறவன், அந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நோ மேன்ஸ் ஸ்கை என்ற கேம் 2016-இல் வந்தபோது, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்று ஊரே திட்டியது. அதைச் செய்த, இங்கிலாந்தில் இருக்கும் ஹலோ கேம்ஸ் என்ற சின்ன குழு பதில் பேசாமல் வேலையைப் பார்த்தது. சேர்ந்து ஆடும் வசதி முழுமையாக 2018-இல்தான் வந்தது, அதன் பிறகும் வருடா வருடம் பெரிய பெரிய அப்டேட், ஒன்றுக்கும் காசு வாங்கவில்லை. ஒவ்வொன்று வரும்போதும் புதிதாக அந்த கேமை வாங்க ஆட்கள் வருகிறார்கள், வண்டி ஓடுகிறது. எல்லாரும் அப்படியே செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. புது ஊர், புது கதை என்று சேர்த்து விற்றால் எங்கள் பையன்களே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற இன்னொரு கேம் மெஷினுக்கு வந்த ஃபிஃபா 20 என்ற ஃபுட்பால் கேம், முந்தின வருட கேமேதான், ஜெர்சியையும் ஆட்டக்காரர் பட்டியலையும் மாற்றி லெகசி எடிஷன் என்று பெயர் வைத்துத் தனியாக விற்றார்கள், அதற்குப் பின் வந்த சில வருடங்களிலும் அதே வியாபாரம். பட்டியல் மாறுவது ஒரு அப்டேட்டில் முடிகிற வேலை. அதை விடக் கொடுமை சொன்ன சொல்லை மாற்றுவது. ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட் கேமைப் பிளேஸ்டேஷன் 4-க்கு வாங்கினால் 5-க்கு இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சோனி 2020-இல் சொன்னது, 2021 செப்டம்பரில் சாதா பதிப்புக்கு அது கிடையாது என்றது, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே பின்வாங்கி இலவசமாகவே கொடுத்தது. கூடவே, இனிமேல் வரும் தங்கள் கேம்களை அப்படி 4-லிருந்து 5-க்கு மாற்றப் பத்து டாலர் என்றும் அறிவித்துவிட்டது. முன்கூட்டியே சொல்லி வாங்கும் பத்து டாலரில் எனக்கு வருத்தமில்லை. சத்தம் போட்டால்தான் வாக்கைக் காப்பாற்றுவோம் என்பதுதான் வருத்தம்.

அப்புறம், இலவசம் என்கிறார்களே, நம் ஊரில் அது இலவசம்தானா? காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் கடைக்கு வரும் ஒரு தம்பி வீட்டில் வயர் நெட் கிடையாது, அப்பாவின் போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. டிஸ்க்கைப் போட்டதும் 40 ஜிபி அப்டேட் என்று திரையில் வருகிறது. இருபது நாள், அதுவும் அப்பா போனில் ஒன்றுமே பார்க்காமல் இருந்தால். நடுவில் கரண்ட் போனால் மறுபடி போனைத் தேடி ஹாட்ஸ்பாட்டைப் போட வேண்டும். அந்தத் தம்பி கன்சோலைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வந்து என் கடை வைஃபையில் மாட்டி, அப்டேட் முழுசாக இறங்கும் வரை ஓரமாக உட்கார்ந்து சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது சோனியே தன் பெரிய கேம்களுக்கு இந்தியாவில் வைத்த விலை 4,999 ரூபாய். அவ்வளவு கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் கேம் முழுசாக இருக்க வேண்டாமா?

ஆகவே நான் கேட்பது இதுதான். நெட் இல்லாமல் டிஸ்க் முதலிலிருந்து கடைசி வரை ஓடுமா, முதல் நாள் அப்டேட் எத்தனை ஜிபி, எது காசுக்கு வரும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே பெட்டியின் மேல் அச்சடிக்கட்டும். அது வரும்வரை, டிஸ்க் வாங்கித் தரும் பெற்றோர்கள் இந்த மூன்றையும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். பதில் தெரியாது என்று அவர் சொன்னால், கடையில் இருக்கும் கன்சோலில் நெட்டைத் துண்டித்துவிட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். என் கடைக்கு வந்தாலும் போட்டுக் காட்டுவேன்.

நன்றி, வணக்கம்.