300 படுக்கைகள் எதற்கு? பார்ம்.டி. பாடத்திட்டமும் அங்கீகாரமும்

[திரையில்: கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் கேஸ் ஷீட். மருந்துப் பட்டியல் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.]

வணக்கம். இந்த மருந்துப் பட்டியலை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நோயாளிக்கு வயது 62. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க நெடுநாளாக வார்ஃபரின் சாப்பிடுகிறார். இப்போது சீதபேதி என்று வந்து சேர்ந்திருக்கிறார். அதற்கு மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. சேர்ந்த அன்று, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.4. இவருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும், இருக்கிறது.

நான்காம் நாள் காலை, பார்ம்.டி., அதாவது டாக்டர் ஆஃப் பார்மசி படிக்கும் ஒரு மாணவி வார்டுக்கு வருகிறார். பட்டியலைப் படித்துவிட்டு நோயாளியிடம் கேட்கிறார்: "பல் தேய்க்கும்போது ரத்தம் ஏதாவது வருகிறதா ஐயா?"

"நேற்றிலிருந்து கொஞ்சம் வருகிறதம்மா. பிரஷ் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன்."

மாணவி மருத்துவரிடம் சொல்கிறார். ஐ.என்.ஆர். மறுபடி பார்க்கப்படுகிறது. 4.6.

[திரையில்: 2.4 என்ற எண் 4.6 ஆக மாறுகிறது.]

இது நான் வகுப்பில் கொடுக்கும் பயிற்சிக் கேஸ். நோயாளி கற்பனை, ஆனால் அந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்தால் நடப்பது கற்பனை அல்ல. வார்ஃபரினைக் கரைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி செய்கிறது. மெட்ரோனிடசோல் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. தினமும் சாப்பிடும் அதே அளவு மாத்திரைதான், ஆனால் உடம்பில் தேங்கும் வார்ஃபரின் நாளுக்கு நாள் கூடுகிறது. முதலில் ஈறில் ரத்தம். கவனிக்காமல் விட்டால் குடலிலோ மூளையிலோ ரத்தக் கசிவு.

"பல் தேய்க்கும்போது" என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குவதற்காகத்தான் இந்தியாவில் 2008ஆம் ஆண்டு பார்ம்.டி. படிப்பு தொடங்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இது ஆறு ஆண்டுப் படிப்பு: ஐந்து ஆண்டு பாடம், ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. பார்மசி இளநிலைப் பட்டமான பி.பார்ம். முடித்தவர்கள் மூன்று ஆண்டில் முடிக்கும் வழியும் உண்டு.

[திரையில்: ஆறு படிகள் கொண்ட ஏணி.]

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நொதி என்றால் என்ன என்பது முதலாண்டு உயிர்வேதியியலில் வருகிறது. இரண்டாம் ஆண்டில் நோய் உடம்பை எப்படிக் குலைக்கிறது என்ற பாடமும், இதய நோய்களுக்கான மருந்து சிகிச்சையும். தொற்றுநோய்ச் சிகிச்சை மூன்றாம் ஆண்டில். மருந்துப் பட்டியலை ஆராய்வது, பரிசோதனை முடிவுகளைப் படிப்பது, மருத்துவருடன் வார்டு சுற்றுவது ஆகியவை நான்காம் ஆண்டின் கிளினிக்கல் பார்மசியில் வருகின்றன. ஒரு மருந்து இன்னொன்றின் அளவை எப்படி ஏற்றி இறக்குகிறது என்ற கணக்கு ஐந்தாம் ஆண்டில். ஐந்து ஆண்டுப் பாடமும் ஒரு நோயாளியின் ஈறில் வந்து கூடுகிறது. மாணவர்கள் பாடங்களைத் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு தேர்வு முடிந்ததும் சாவியைத் தொலைத்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வார்டுக்குப் போனால்தான் அந்தப் பெட்டிகள் திறக்கும்.

விதிமுறை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்தே மாணவர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 50 மணி நேரம். ஐந்தாம் ஆண்டில் தினமும் காலை அரைநாள் வார்டில். ஆறாம் ஆண்டு முழுவதும் மருத்துவமனைதான்: பொது மருத்துவப் பிரிவில் ஆறு மாதம், வேறு மூன்று பிரிவுகளில் தலா இரண்டு மாதம். அதனால்தான் பார்ம்.டி. நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை வேண்டும் என்று விதி சொல்கிறது. சொந்த மருத்துவமனை இல்லையென்றால், அந்த அளவுள்ள வேறொரு மருத்துவமனையுடன் முறையான ஒப்பந்தம் வேண்டும்.

[திரையில்: கல்லூரி நுழைவாயில். நாக், என்.பி.ஏ., பல்கலைக்கழக இணைப்பு, பி.சி.ஐ. என்று வரிசையாகப் பலகைகள்.]

இப்போது அங்கீகாரத்துக்கு வருவோம். பெற்றோர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். நாக் என்பது 1994இல் தொடங்கப்பட்ட அமைப்பு. கல்லூரியை மொத்தமாக மதிப்பிடுகிறது. என்.பி.ஏ. ஒரு குறிப்பிட்ட படிப்பின் தரத்தைப் பார்க்கிறது. இரண்டும் நல்லவைதான். ஆனால் உங்கள் பிள்ளை மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியுமா என்பதை அவை தீர்மானிப்பதில்லை. அந்த அதிகாரம் 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய பார்மசி கவுன்சிலுக்கு, அதாவது பி.சி.ஐ.க்கு உரியது. பார்மசி கல்வியில் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் பேச்சு செல்லுமா, பி.சி.ஐ.யின் பேச்சு செல்லுமா என்ற நெடுநாள் வழக்கில், பி.சி.ஐ.தான் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பி.சி.ஐ. அங்கீகாரத்துக்குள்ளும் இரண்டு படிகள் இருக்கின்றன. இதைக் கவனமாகக் கேளுங்கள். முதலாவது, படிப்பை நடத்துவதற்கான அனுமதி. ஆய்வாளர்கள் வந்து ஆசிரியர்கள், ஆய்வகங்கள், நூலகம், மருத்துவமனை எல்லாவற்றையும் பார்த்த பிறகு கிடைப்பது. இரண்டாவது, சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி படிப்புக்கும் தேர்வுக்கும் கிடைக்கும் ஒப்புதல். பட்டத்தைக் கொண்டுபோய் மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்ய வழிவிடுவது இந்த இரண்டாவதுதான். புதிய கல்லூரியில் முதலில் சேர்ந்த மாணவர் அணி கடைசி ஆண்டை நெருங்கும்போதுதான் இது பரிசீலனைக்கு வரும். ஆகவே "பி.சி.ஐ. அப்ரூவல் இருக்கிறது" என்று ஒரு கல்லூரி சொன்னால், எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டு வரைக்கும், நடத்துவதற்கா 12ஆம் பிரிவிலா என்று தயங்காமல் கேளுங்கள். அதே வளாகத்தில் உள்ள பி.பார்ம். படிப்புக்குக் கிடைத்த ஒப்புதல் பார்ம்.டி.க்குச் செல்லாது.

அமெரிக்காவிலும் இதே ஏற்பாடு, வேறு பெயரில் இருக்கிறது. அங்கே அங்கீகாரம் தருவது 1932இல் தொடங்கிய ஏ.சி.பி.இ. என்ற அமைப்பு. மாணவர்கள் சேர்ந்து, முதல் அணி இன்னும் பட்டம் பெறாத கல்லூரிக்கு 'வேட்பாளர்' நிலை. முதல் அணி வெளியேறிய பிறகுதான் முழு அங்கீகாரம். ஏ.சி.பி.இ.யின் தரநிலைகளின்படி, மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சி குறைந்தது 300 மணி நேரம், உயர்நிலைப் பயிற்சி 1,440 மணி நேரம். நம் ஊர் மாணவர்களுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்ற வெளிநாட்டினர் அங்கே தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க, குறைந்தது ஐந்து ஆண்டு பார்மசி பாடத்திட்டத்தை முடித்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு பி.பார்ம். மட்டும் படித்தவர் இங்கேயே தடைபடுகிறார். ஆறு ஆண்டு பார்ம்.டி. படித்தவர் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகும் தகுதித் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, பயிற்சி மணி நேரம், உரிமத் தேர்வு என்று வரிசையாக இருக்கிறது. பட்டத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் உரிமம் தானாக வந்துவிடாது.

[திரையில்: மருத்துவமனை வராண்டா, காலை 9 மணி. வெள்ளைக் கோட்டு அணிந்த மாணவர்கள்.]

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்தையும் கணினி அறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள். வேலை நாளில், காலை 9 மணிக்குப் போங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வார்டில் இருக்கிறார்களா, அவர்களுடன் ஓர் ஆசிரியர் நிற்கிறாரா என்று பாருங்கள். ஒப்பந்தம் தாளில் இருக்கும். மாணவர்கள் வராண்டாவிலேயே நின்றுவிட்டுத் திரும்புவதையும் நான் கண்டிருக்கிறேன்.

முடிந்தால் ஒரு மாணவரிடம் பேசுங்கள். கடைசியாக எந்த நோயாளியின் பட்டியலைப் பார்த்தீர்கள், அதில் என்ன கண்டுபிடித்தீர்கள், அதை மருத்துவரிடம் சொன்னீர்களா, அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.