அழுத பிள்ளையும் கேள்வி கேட்ட பிள்ளையும்

(மட்டக்களப்பு நகரில் நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். பழமொழியைச் சுருக்க மனம் வரவில்லை.)

அவைத் தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, எனக்காகக் காத்திருந்த வைத்திய அத்தியட்சகர் அவர்களே, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, இந்த வெயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களே, பின்வரிசையில் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டிருக்கும் தாய்மாரே! கடைசியாகச் சொன்னவர்களை முதலில் சொல்லியிருக்க வேண்டும். மேடை மரபு விடவில்லை.

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்பார்கள். என்னிடம் படித்தவர்கள் சிரிப்பது தெரிகிறது. வகுப்பில் வாரம் ஒரு முறை இதைச் சொல்லியிருப்பேன். ஆட்டிசம், அதாவது பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறு வழியில் வளரும் தன்மை, உள்ள ஒரு பிள்ளை பால் கேட்பதைப் பாருங்கள். "உனக்குப் பால் வேண்டுமா?" என்று அது கேட்கும். தாய் தினமும் அப்படித்தான் கேட்கிறாள். அந்த வசனம் வந்தால் பின்னால் பால் வரும். அதனால் பால் வேண்டியபோது பிள்ளை அந்த வசனத்தையே எடுத்து நீட்டுகிறது. நாமோ, "எனக்கு வேண்டாம் மகன், நீ குடி" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம்.

1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் இப்படிப்பட்ட 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது: 'நான்', 'நீ' என்பவை கேட்டபடியே திரும்பி வருகின்றன. அவர் கேட்டது ஆங்கிலம். தமிழில் 'வந்தேன்', 'வந்தாய்' என்று வினைச்சொல்லின் வாலிலும் ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே நிற்பவரைச் சேர்த்தால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'நாங்கள்'. எங்கள் பிள்ளை இந்த முடிச்சுகளை எந்த வரிசையில் அவிழ்க்கிறது என்பதை இங்கே இருந்து பார்த்து எழுத ஆள் வேண்டும்.

மூன்று விடயங்கள் சொல்ல வந்தேன். ஆட்டிசத்தைப் படிக்க மொழி ஏன் வேண்டும் என்பது ஒன்று. அதற்கென ஒரு மாணவி தன் பட்டப்படிப்பைத் தானே எப்படிக் கட்டலாம் என்பது இரண்டு. அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது மூன்று.

என் தங்கையின் மகனுக்கு ஒன்பது வயது. வெகுகாலம் அவன் வாயில் இருந்தது ஒரே வசனம். நகர பஸ் நிலையத்தில் நடத்துநர் கூவுவது: "கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை! ஏறு, ஏறு, ஏறு!" அதே இழுவை, அதே தொண்டை. கொழும்பில் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஒரு நிலையத்துக்குக் கொண்டுபோனோம். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, 'பொருளற்ற திரும்பச் சொல்லல்' என்று எழுதித் தந்தார்கள்.

அந்த வருடம் ஆரையம்பதியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார், கெட்டிமேளம் முழங்குகிறது. தங்கை மகன் கதிரையில் ஏறி நின்று, "கல்லடி, காத்தான்குடி..." என்று ஆரம்பித்தான். மேளக்காரர் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டார். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு எழுந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பி, இது கடைசி பஸ்ஸா?" என்று என்னைக் கேட்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. தங்கை மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று சிரிக்காத இன்னொருத்தியும் உண்டு: எங்கள் அயல்வீட்டுப் பெண், உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். மறுநாளே ஒற்றை றூள் கொப்பி ஒன்று வாங்கினாள். அவன் எதைச் சொல்கிறான், அப்போது அறையில் என்ன சத்தம், அதற்குப் பிறகு என்ன செய்தான் என்று மூன்று கோடு போட்டு எழுதினாள். ஐந்து மாதத்தில் விடயம் வெளியே வந்தது. மேளம், பட்டாசு, மிக்சி என்று காதைக் குடையும் சத்தம் எழுந்தால்தான் முழு வசனமும் வரும்: 'இங்கிருந்து கிளம்புவோம்' என்று பொருள். பிறகு வசனத்தை அவனே உடைக்கத் தொடங்கினான். 'களுவாஞ்சிக்குடி' என்றால் அம்மம்மா வீடு. 'கல்லடி' என்றால் தன் வீடு. ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "ஏறு, பால்" என்றான். பஸ்ஸில் ஒரு சொல், அடுக்களையில் ஒரு சொல்! என் தங்கை அன்று அழுததுபோல் எந்தப் பிள்ளையும் பாலுக்கு அழுதிருக்காது.

தமிழ்நாட்டில் ஆட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்' என்று ஒரு சொல் வழங்குகிறது. இவனோடு ஒரு பகல் இருந்தவர் அந்தச் சொல்லை உண்டாக்கியிருக்க மாட்டார்.

அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "சேர், இதைப் படிக்க எந்தத் துறைக்குப் போக வேண்டும்?" பதில் சொல்லத் தெரியவில்லை. மொழியியல் ஒரு கதவு, உளவியல் ஒரு கதவு, மருத்துவம் வேறொரு வளவு. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கலட்டின் கல்விப் பிரிவு 1972இல் தொடங்கியது. அங்கே மாணவர் தாம் தேடும் கேள்வியைச் சொல்லி, ஓர் ஆலோசகரோடு இருந்து, பல துறைகளிலிருந்து பாடங்களைப் பொறுக்கித் தம் பட்டத்தைக் கட்டிக்கொள்கிறார். முடிவில் பேராசிரியர்கள் முன் அமர்ந்து தாம் படித்தவற்றைப் பற்றி வாய்மொழியாக உரையாட வேண்டும்.

இது நமக்குப் புதிதா? காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் படித்தார், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருமானார். இரண்டையும் சேர்த்துத்தான், யாழ் என்ற பழந்தமிழ் இசைக்கருவியை ஆராயும் யாழ் நூல் 1947இல் வந்தது. அதற்கு எந்தப் பீடம் விண்ணப்பப் படிவம் வைத்திருந்தது?

அந்தப் பெண்ணுக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டத்தைச் சொல்கிறேன். முதலில் ஒலியியலும் இலக்கணமும். கூடவே குழந்தை வளர்ச்சி. பிறகு பேசாத பிள்ளைகளோடு படப் பலகை, சைகை வழியாக உரையாடும் முறைகள். அதோடு மட்டக்களப்புப் பேச்சு. பேச்சுவழக்குகளில் இலக்கிய வழக்குக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் எழுதியதை நாம் மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் நம் பிள்ளை 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்றால், வெளியூரிலிருந்து சோதிக்க வருபவர் அதையும் பொருளற்ற ஒலி என்று எழுதக்கூடும். கடைசி வருடம் ஒரே ஒரு பிள்ளையோடு, பெற்றோரின் சம்மதத்தோடு. ஆய்வேடு என்பது அந்தப் பிள்ளையின் அகராதி.

இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவள் பேச்சுச் சிகிச்சையாளராக முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அதற்குக் கண்காணிப்பின் கீழ் பெறும் சிகிச்சைப் பயிற்சி வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புல விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. நான் வந்த காரியமே இங்கேதான் தொடங்குகிறது, ஐயா! அப்படியொரு பட்டம் கிழக்கிலும் வேண்டும். சிகிச்சைப் பயிற்சி தமிழில் நடக்க வேண்டும். கல்முனைப் பிள்ளையும் வாகரைப் பிள்ளையும் தங்கள் வீட்டுச் சொல்லிலேயே சோதிக்கப்பட வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் தலையசைக்கிறீர்கள். தலையசைப்பை எழுத்தில் தாருங்கள். எத்தனை வருடம் பண்பாகக் காத்திருந்தோம்! அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்; பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வாசலிலும் அதே சட்டம்தான். மனு அந்த மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது விடயமாக வேலைவாய்ப்பு... தலைவர் மணியைத் தொடுகிறார். அவருக்கு முன்னரே பின்வரிசையில் இன்னொருவர் கதிரையில் ஏறிவிட்டார். இந்த ஒலிபெருக்கி அவனுக்கு ஆகாது. "கல்லடி, காத்தான்குடி" வரை வந்துவிட்டான். கல்முனைக்குப் போவதற்குள் நான் இறங்க வேண்டும். வணக்கம்.