கிட்டாருக்கு விரல் பலம்: எதைப் பழகணும், எதை விட்டுடணும்

[திரையில்: மேஜை மேல் கவிழ்த்து வைத்த இடது கை, மேலிருந்து]

இடது கையை மேஜை மேல கவிழ்த்து வைங்க. நடுவிரலை மட்டும் மடக்கி உள்ளங்கைக்குக் கீழ விடுங்க. இப்ப மத்த விரல்களை ஒவ்வொண்ணா தூக்கிப் பாருங்க. கட்டைவிரல் எழும்பும். ஆள்காட்டி விரல் எழும்பும். சுண்டுவிரலும் எழும்பும். மோதிரவிரல் மட்டும் அசையவே அசையாது, இல்லைன்னா லேசா அசைஞ்சு நின்னுடும்.

இதைப் பலவீனம்னு நினைக்காதீங்க. விரலைத் தூக்குற தசை விரல்ல இல்லை, முன்கையில இருக்கு. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி ஒவ்வொரு விரலுக்கும் ஓடுது. புறங்கையில இந்த நாண்களைக் குறுக்கே பிணைக்கிற இணைப்புகள் இருக்கு. நடுவிரலை மடக்கினா, அந்த இணைப்பு மோதிரவிரலோட நாணையும் சேர்த்துப் பிடிச்சுக்குது. ஆள்காட்டிக்கும் சுண்டுவிரலுக்கும் தூக்குறதுக்குன்னு தனியா இன்னொரு தசை இருக்கு, அதனால அதுங்க தப்பிச்சுக்குது. மோதிரவிரலுக்கு அது கிடையாது. எவ்வளவு பயிற்சி செஞ்சாலும் இந்த அமைப்பு மாறாது.

அதனால, "விரல்ல பலமே இல்லை, கார்டு (பல ஸ்ட்ரிங்கைச் சேர்த்து ஒலிக்க வைக்கிற பிடி) சரியா விழல"ன்னு சொல்றவங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுறது பலம் இல்லை. ஒரு விரல் வேலை செய்யும்போது பக்கத்து விரல் சும்மா இருக்கப் பழகணும். அழுத்தின விரல் வேலை முடிஞ்சதும் உடனே தளரப் பழகணும். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-ல நடந்த தீ விபத்துல இடது கையோட மோதிரவிரலும் சுண்டுவிரலும் பாதிக்கப்பட்டுச்சு. அதுக்கப்புறம் அவர் தன்னோட வேகமான சோலோக்களைப் பெரும்பாலும் ரெண்டே விரல்லதான் வாசிச்சார்.

[திரையில்: ஸ்பிரிங் கிரிப்பர், அதன் மேல் சிவப்புக் கோடு]

கடையில விக்கிற ஸ்பிரிங் கிரிப்பர் வேண்டாம்னு நாங்க சொல்றதும் இதனாலதான். அது எல்லா விரலையும் ஒரே சமயத்துல இறுக்கிப் பிடிக்கப் பழக்குது. கிட்டார்ல அந்த இறுக்கம்தான் எதிரி. கார்டு மாத்தறப்ப தாமதம் ஆகறது பெரும்பாலும் அழுத்தறதால இல்லை, விட முடியாததால.

பயிற்சிக்கு முன்னாடி கிட்டாரைப் பாருங்க. இதை நிறைய பேர் தவிர்த்துடறாங்க, அது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம். கிட்டார்ல இருக்கிற கோளாறுக்குத் தன் கையைக் குத்தம் சொல்லிக்கிட்டு, வாசிக்கிறதையே விட்டவங்க எத்தனையோ பேர்.

[திரையில்: 12-வது ஃப்ரெட் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல்]

நெக்குல குறுக்கே பதிச்சிருக்கிற கம்பிகள்தான் ஃப்ரெட். 12-வது ஃப்ரெட் மேல ஸ்கேல் வைங்க. ஃப்ரெட் கம்பியோட உச்சியிலிருந்து ஸ்ட்ரிங்கோட அடிப்பக்கம் வரைக்கும் அளங்க. அகூஸ்டிக்ல முதல் ஸ்ட்ரிங் (ரொம்ப மெல்லியது) 2 மில்லிமீட்டர், ஆறாவது (ரொம்பத் தடிமனானது) 2.5 மில்லிமீட்டர் பக்கத்துல இருந்தா நல்லது. எலக்ட்ரிக்ல 1.5, 2. மூணைத் தாண்டிட்டா செட்டப் செய்யக் கொடுங்க. அடுத்து நட், அதாவது நெக்கோட தலைப்பக்கத்துல ஸ்ட்ரிங்குகள் உட்கார்ற பள்ளங்கள் உள்ள சின்னப் பட்டை. ஒரு ஸ்ட்ரிங்கை மூணாவது ஃப்ரெட்ல அழுத்திட்டு, முதல் ஃப்ரெட் மேல எவ்வளவு இடைவெளி இருக்குன்னு பாருங்க. மயிரிழை அளவுதான் இருக்கணும். இடைவெளி பளிச்சுன்னு தெரிஞ்சா நட்டோட பள்ளம் உயரமா இருக்கு. அந்தக் கிட்டார்ல எஃப் கார்டு யார் பிடிச்சாலும் கஷ்டம்தான்.

அப்புறம் ஸ்ட்ரிங்கோட இழுவிசை. 12-ல ஆரம்பிக்கிற (முதல் ஸ்ட்ரிங் 0.012 அங்குலத் தடிமன்) அகூஸ்டிக் ஸ்ட்ரிங் செட் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில இழுத்து நிக்குது. 10-ல ஆரம்பிக்கிற எலக்ட்ரிக் செட் சுமார் 47 கிலோ. தொழிற்சாலை விபத்துல விரல் நுனிகளை இழந்த, பிளாக் சபாத் இசைக்குழுவோட கிட்டார் கலைஞர் டோனி அயோமி, மெல்லிய ஸ்ட்ரிங்குக்கு மாறினார், பின்னாடி ட்யூனிங்கையும் கீழ இறக்கினார். நீங்களும் செய்யலாம். எல்லா ஸ்ட்ரிங்கையும் அரை சுருதி இறக்கினா இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், ஒரு முழு சுருதி இறக்கினா 20 சதவீதம். முழு சுருதி இறக்கிட்டு ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அழுத்துற கிளிப்) போடுங்க: பழைய சுருதியே கிடைக்கும், உயரமான நட்டோட தொல்லையும் போயிடும். முதல் ரெண்டு மூணு மாசம் இப்படியே வாசிக்கலாம், தப்பே இல்லை.

[திரையில்: ஏழாவது ஃப்ரெட், மூன்றாவது ஸ்ட்ரிங், அண்மைக் காட்சி]

முதல் பயிற்சி. எங்களைக் கேட்டா, இந்த வீடியோவுல ஒண்ணே ஒண்ணுதான் செய்ய முடியும்னா இதைச் செய்யுங்க. மூணாவது ஸ்ட்ரிங், ஏழாவது ஃப்ரெட். விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாப்ல, அதுக்குப் பின்னாடி வைங்க. அழுத்தாதீங்க, சும்மா தொடுங்க. வலது கையால ஸ்ட்ரிங்கை மீட்டிக்கிட்டே இருங்க. முதல்ல "டப்"னு செத்த சத்தம் வரும். கொஞ்சம் கொஞ்சமா அழுத்தத்தைக் கூட்டுங்க. கரகரப்பு வரும். இன்னும் கொஞ்சம் கூட்டினா ஸ்வரம் தெளிவாகும். அங்கேயே நிறுத்துங்க. தேவைப்படுறது அவ்வளவுதான். இதே மாதிரி நாலு விரலுக்கும், மொத்தம் ரெண்டு நிமிஷம்.

இவ்வளவு லேசா அழுத்தினா போதுமான்னு ஆச்சரியமா இருக்கும். தெளிவே வரலைன்னா விரல் எங்க இருக்குன்னு பாருங்க. ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல நின்னுட்டு அழுத்தினா கூடுதல் விசை வேணும். கட்டைவிரல் பின்னாலிருந்து நெக்கை நசுக்குதான்னும் பாருங்க. அதைச் சோதிக்க ஒரு வழி: வலது முன்கையால கிட்டார் உடம்பை நெஞ்சோட லேசா அணைச்சுக்கிட்டு, இடது கட்டைவிரலை முழுசா எடுத்துட்டு அதே ஸ்வரத்தை வாசிங்க. வருதுன்னா, இத்தனை நாள் கட்டைவிரல் செஞ்ச வேலை வீண்.

[திரையில்: 5-6-7-8, ஆறு ஸ்ட்ரிங்கிலும்]

அடுத்தது எல்லாருக்கும் தெரிஞ்ச ஸ்பைடர். தெரிஞ்சாலும் நிறைய பேர் தப்பா செய்யறாங்க. ஐந்தாவது ஃப்ரெட்ல ஆரம்பிங்க, முதல் ஃப்ரெட்ல வேண்டாம். வழக்கமான எலக்ட்ரிக்ல முதல் ஃப்ரெட்டுக்கும் நாலாவது ஃப்ரெட்டுக்கும் நடுவுல சுமார் 97 மில்லிமீட்டர். ஐந்துக்கும் எட்டுக்கும் 77. ரெண்டு சென்டிமீட்டர் வித்தியாசம், கைக்குப் பெரிய விஷயம்.

மெட்ரோநோம் (தாளத்துக்கு க்ளிக் கொடுக்கிற கருவி) நிமிஷத்துக்கு 60. ஒரு க்ளிக்குக்கு ஒரு ஸ்வரம். ஆறாவது ஸ்ட்ரிங்ல ஆள்காட்டி, நடு, மோதிர, சுண்டு: 5, 6, 7, 8. வச்ச விரலை எடுக்காதீங்க. நாலாவது விரல் விழறப்ப நாலும் ஸ்ட்ரிங் மேல இருக்கணும். அடுத்த ஸ்ட்ரிங்குக்கு ஒவ்வொரு விரலா போங்க, மத்த மூணும் அதோட முறை வர்ற வரைக்கும் இருந்த இடத்துலயே காத்திருக்கணும். தூக்கின விரல் ஸ்ட்ரிங்கை விட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல விலகக் கூடாது.

இங்கதான் சுண்டுவிரல் கொடிக்கம்பம் மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும். மோதிரவிரல் வேலை செய்யும்போது அது தானா விறைக்கும். பிடிச்சு இழுத்து வச்சு அடக்காதீங்க, அது இன்னொரு இறுக்கத்தைத்தான் கொடுக்கும். வேகத்தை 40-க்குக் குறைங்க. விறைக்குதுன்னு தெரிஞ்ச உடனே நிறுத்தி, தளர்த்தி, திரும்ப வைங்க. மூணு முறை சுத்தமா வந்தா மட்டும் மெட்ரோநோமை 4 கூட்டுங்க.

ஆள்காட்டி 1, நடு 2, மோதிர 3, சுண்டு 4னு வச்சுக்கிட்டா, நாலு விரலை 24 விதமா வரிசைப்படுத்தலாம். 1-2-3-4 சீக்கிரமே மூளை போகாம கை மட்டும் செய்யறதா ஆயிடும், அப்புறம் அதால பெரிய பலன் இல்லை. தினம் ஒரு புது வரிசை எடுங்க: 1-3-2-4, 1-4-2-3, 3-1-4-2. அந்த 24-ல 3-ம் 4-ம் அடுத்தடுத்து வர்ற வரிசைகளுக்கு ரெண்டு நாள் கொடுங்க.

[திரையில்: ஆறு ஜோடிகள்: 1-2, 1-3, 1-4, 2-3, 2-4, 3-4]

ஹேமர் ஆன், புல் ஆஃப்: மீட்டாம, இடது கை விரலை ஸ்ட்ரிங் மேல தட்டி ஸ்வரம் எழுப்புறது ஹேமர், விரலைச் சுண்டி எடுத்து எழுப்புறது புல் ஆஃப். உண்மையிலேயே தசைக்கு வேலை கொடுக்கிறது இதுதான். ஒரு ஜோடி விரலை எடுத்து, முதல்ல மட்டும் மீட்டிட்டு, அப்புறம் இடது கையாலேயே 20 நொடி ஓட்டுங்க. 10 நொடி கையைத் தொங்கவிட்டு உதறுங்க. அடுத்த ஜோடி. மொத்தம் மூணு நிமிஷம். ஹேமருக்கு விசை வேண்டாம், வேகம் வேணும். புல் ஆஃப்ல விரலை நேரா மேல தூக்கினா சத்தம் வராது, லேசா கீழ்ப்பக்கமா சுண்டி எடுக்கணும். எலக்ட்ரிக் வாசிக்கிறவங்க டிஸ்டார்ஷனை அணைச்சுட்டுச் செய்யுங்க. டிஸ்டார்ஷன் பலவீனமான ஸ்வரத்தையும் பெருசாக்கிக் காட்டி ஏமாத்திடும்.

பார் கார்டு, அதாவது ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வச்சுப் பிடிக்கிற கார்டு. எஃப் வடிவத்துல ஆள்காட்டி விரல் ஆறு ஸ்ட்ரிங்கையும் அழுத்தத் தேவையில்லை. ஆறாவது, ரெண்டாவது, முதல், இந்த மூணு போதும். மத்த மூணை மத்த விரல்கள் பார்த்துக்கும். ஆள்காட்டியைச் சதைப்பக்கமா பதிக்காம, கட்டைவிரல் இருக்கிற பக்கமா கொஞ்சம் உருட்டி, எலும்பு விளிம்புல பதியவைங்க. விசை முழங்கையிலிருந்து வரட்டும். கையோட எடை தொங்கி நெக்கைப் பின்னுக்கு இழுக்கட்டும். ஐந்தாவது ஃப்ரெட்ல 5 நொடி பிடி, 10 நொடி விடு, ஆறு தடவை. மூணு நாலு நாளுக்கு ஒருதடவை ஒரு ஃப்ரெட் கீழ வாங்க. முதல் ஃப்ரெட் நட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதால கடைசிவரை அதுதான் முரண்டு பிடிக்கும்.

[திரையில்: ஐந்து விரல் நுனிகளைச் சுற்றி ரப்பர் பேண்ட்]

கிட்டார் இல்லாம செய்யறதுல நாங்க சொல்ற பயிற்சி ஒண்ணே ஒண்ணு. ரப்பர் பேண்டை அஞ்சு விரல் நுனியையும் சுத்திப் போட்டு, ரெண்டு நொடியில விரிச்சு, மூணு நொடியில மெதுவா மூடுங்க. 15 தடவை, ரெண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள், ரெண்டு கைக்கும். மடக்குற தசைக்கு நாள் முழுக்க வேலை இருக்கு. விரிக்கிற தசையை யாரும் கவனிக்கிறதில்லை. கை சில்லுனு இருந்தா முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு நிமிஷம் வைங்க. குளிர்ந்த கையை இழுத்து நீட்ட வேண்டாம்.

கடைசியா வலி. முன்கையில சூடா, கனமா ஒரு களைப்பு வந்து, ஓய்வெடுத்ததும் போயிட்டா அது சாதாரணம். விரல் நுனி எரிச்சலும் சாதாரணம்; சில வாரத்துல தோல் காய்ச்சுப்போயிடும். குளிச்ச உடனே மட்டும் வாசிக்காதீங்க, ஊறின தோல் கிழியும். ஆனா குத்தற வலி, மரத்துப்போறது, ஊசி குத்தற உணர்வு வந்தா அன்னைக்கே நிறுத்துங்க. மணிக்கட்டை ரொம்ப வளைச்சு வாசிக்கிறீங்களான்னு பாருங்க. கிட்டாரை உயர்த்திப் பிடிச்சாலே, ஸ்ட்ராப்பைக் குறைச்சாலே அந்த வளைவு பாதி குறையும். எந்த விரல் மரத்துப்போகுதுன்னு எழுதி வைங்க. கட்டை, ஆள்காட்டி, நடுவிரல்னா மணிக்கட்டு வழியா போற மீடியன் நரம்பு. சுண்டுவிரலும் மோதிரவிரலோட பாதியும்னா முழங்கையைச் சுத்தி வர்ற அல்நார் நரம்பு. ஒரு வாரம் ஓய்வெடுத்தும் போகலைன்னா எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்க. எந்த விரல், எத்தனை நிமிஷம் வாசிச்ச பிறகு ஆரம்பிக்குது, ராத்திரி தூக்கத்துல வருதான்னு, இந்த மூணையும் சொல்லுங்க.