காடு அரசாங்கத்தோடது, காட்டுக்குள்ள ஹோட்டல் நடத்துறது யாரு?

[காட்சி: யோசெமிட்டி பள்ளத்தாக்கு, அவானி ஹோட்டல் வாசல்]

வணக்கம் மக்களே! இது அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் இருக்கிற யோசெமிட்டி நேஷனல் பார்க், பின்னாடி தெரியுற ஹோட்டல் பேரு அவானி, 1927ல திறந்தது. மலை, ஆறு, காடு, இந்தக் கட்டடம் எல்லாமே அரசாங்க சொத்து, ஆனா உங்க கையில ரூம் சாவி கொடுக்கிறவங்க, சமைக்கிறவங்க, பெட்ஷீட் மாத்துறவங்க எல்லாம் ஒரு தனியார் கம்பெனி ஸ்டாஃப். இதை அங்க கன்செஷன்னு சொல்றாங்க, நம்ம பாஷையில குத்தகைன்னு வெச்சுக்கலாம்.

குத்தகைன்னதும் கம்பெனி இஷ்டத்துக்கு ஆடலாம்னு இல்ல. 1998ல வந்த சட்டப்படி போட்டி வெச்சுத்தான் ஆளை எடுக்கணும், பொதுவா 10 வருஷம், எப்படி இழுத்தாலும் 20 வருஷத்துக்கு மேல கிடையாது. உள்ள வேற கடையே இல்லையே, காபிக்கு என்ன விலை வேணா வைக்கலாமேன்னு தோணும்ல? அதுவும் முடியாது, வெளிய இதே மாதிரி இடங்கள்ல என்ன விலைன்னு பார்த்துட்டு பார்க் சர்வீஸ், அதாவது நேஷனல் பார்க்குகளை நிர்வாகம் பண்ற அரசாங்க அமைப்பு, ஓகே சொல்லணும். கம்பெனி கட்டுற ஃபீஸ்ல 80 சதவீதம் அதே பார்க்குக்குத்தான் போகுது, எனக்கு இந்த சட்டத்துலயே ரொம்பப் பிடிச்சது இதுதான்.

[காட்சி: பழைய கருப்பு வெள்ளை போட்டோ, இரவு, மலை உச்சியில நெருப்பு]

இவ்வளவு கெடுபிடி ஏன்? இதைப் பாருங்க. கிளேசியர் பாயின்ட்ங்கிற உச்சியில ராத்திரி பெரிய தீ மூட்டி, அந்தத் தணலை அப்படியே சுமார் 3,000 அடி உயரப் பாறையில இருந்து கீழ தள்ளிவிடுவாங்க, கீழ இருந்து பார்த்தா நெருப்பே அருவியா கொட்டுற மாதிரி இருக்கும், ஹோட்டல்காரங்க விருந்தாளிகளுக்காக வருஷக்கணக்கா நடத்தின ஷோ இது. பார்க்க வந்த கூட்டம் கீழ இருந்த புல்வெளியை மிதிச்சே நாசம் பண்ணிடுச்சு, கடைசில 1968 ஜனவரியில பார்க் சர்வீஸே நிறுத்திட்டாங்க. யெல்லோஸ்டோன்ங்கிற இன்னொரு நேஷனல் பார்க்ல இன்னும் மோசம், ஹோட்டல் எச்சில் சாப்பாட்டைக் கொட்டி கரடிங்களை வரவெச்சு, பெஞ்ச் போட்டு உக்காந்து வேடிக்கை பார்த்திருக்காங்க!

இன்னைக்கு அப்படியே தலைகீழ். யோசெமிட்டியில டென்ட் கேபின், அதாவது கூடாரத் துணி போட்ட சின்ன ரூம், எடுத்தீங்கன்னா கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி ஒண்ணு தருவாங்க, சாப்பாடு மட்டும் இல்ல, சோப்பு, டூத்பேஸ்ட் கூட அதுக்குள்ளதான் போகணும், ஏன்னா வாசனை வந்தா கரடி வந்துடும். கிராண்ட் கேன்யன்ங்கிற பெரிய பள்ளத்தாக்கோட அடியில 1922ல மேரி கோல்ட்டர்ங்கிற ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணின ஃபேன்டம் ராஞ்ச்ங்கிற தங்குமிடம் இருக்கு, அங்க ரோடே கிடையாது, அரிசி பருப்புல இருந்து எல்லாமே கோவேறு கழுதை மேலதான் இறங்கும், குப்பையும் அதே கழுதை மேல திரும்ப ஏறி வந்துடும்.

[காட்சி: ஹோட்டல் பெயர்ப்பலகை]

கான்ட்ராக்ட்ல ஒரு ஓட்டை விட்டா என்ன ஆகும்? 2016ல யோசெமிட்டி குத்தகை டெலவேர் நார்த் கம்பெனி கையில இருந்து அராமார்க்குக்கு மாறுச்சு, பழைய கம்பெனி அவானிங்கிற பேரையே டிரேட்மார்க் பண்ணி வெச்சிருந்ததால கேஸ், வழக்கு எல்லாம் ஆகி ஹோட்டல் மெஜஸ்டிக் யோசெமிட்டின்னு ஆயிடுச்சு. அந்தப் பள்ளத்தாக்கோட பூர்வகுடிகள் வெச்ச பேரு அது, அதை ஒரு கம்பெனி தன் சொத்துன்னு சொன்னது எனக்கு இன்னும் ஏத்துக்கவே முடியல. 2019ல 1.2 கோடி டாலருக்கு சமரசம் ஆகி பழைய பேரு திரும்ப வந்துச்சு, அராமார்க் குத்தகை முடியும்போது அந்தப் பேரோட உரிமை பார்க் சர்வீஸுக்கே வந்துடும்.