பேராதனைக்குப் போகும் பிள்ளைக்கு

வணக்கம் நேயர்களே.

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த வீட்டில் முதலில் சந்தோஷம், அடுத்த நாளே பதற்றம். சூட்கேஸ் வாங்க வேண்டும், கம்பளி வாங்க வேண்டும், கிராம சேவகரிடம் கடிதம் எடுக்க வேண்டும். நானும் அப்படிப் புறப்பட்டவள்தான். மலையகத்தில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து பேராதனைக்குப் போனேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கம்பஸ் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. இன்று நான் ஆசிரியை. என்னிடம் படித்த பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். போகும் முன் அவர்களை உட்காரவைத்து நான் சொல்வதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் என் கதை ஒன்று. முதல் வருடம், மழைக்காலம். எனக்குக் காய்ச்சல். விடுதி அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஐந்து நாள் படுத்துக் கிடந்தேன். அறைத் தோழி கஞ்சி கொண்டுவந்து தருவாள், குடிப்பேன், மறுபடியும் படுப்பேன். டொக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்றேன். கையில் இருந்த காசு மாதக் கடைசி வரை சாப்பாட்டுக்கே போதாது. ஐந்தாம் நாள் இறுதி வருடத்து அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். என் நெற்றியில் கை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் செருப்பை எடுத்து முன்னால் வைத்தார். கலஹா வீதி வழியாக என்னைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். அங்கே பல்கலைக்கழகத்தின் சுகாதார நிலையம் இருந்தது. வைத்தியர் பார்த்தார், மருந்து தந்தார்கள். காசு எவ்வளவு என்று கேட்டேன். மருந்து தந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ இங்கே படிக்கிற பிள்ளைதானே?" என்றார். அவ்வளவுதான்.

நடந்து போகிற தூரத்தில், எனக்கென்றே திறந்திருந்த ஓர் இடம். ஐந்து நாள் அது எனக்குத் தெரியாது. இல்லை, தெரியாது என்று சொல்வதும் சரியில்லை. பதிவு செய்த நாளில் மருத்துவப் பரிசோதனைக்கு அதே கட்டடத்துக்குத்தான் போயிருந்தேன். அது பரிசோதனைக்கு மட்டும் உள்ள இடம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தேவையானபோது நானே உள்ளே போகலாம் என்ற எண்ணம் வரவில்லை. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த எண்ணம் லேசில் வராது. எந்த அலுவலகமானாலும் யாராவது கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போவது என்று நாங்கள் பழகிவிட்டோம். நான் இன்று பேச வந்ததே அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான்.

பேராதனை எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர்கள் தங்கியிருந்து படிக்கிற பல்கலைக்கழகமாக அது இருக்க வேண்டும் என்பது திட்டம். அதனால் மகாவலிக் கரையில், ஹந்தானை மலையடிவாரத்தில் இடம் எடுத்தார்கள். இங்கிலாந்தின் நகரத் திட்ட வல்லுநர் பற்றிக் அபர்குரொம்பி வரைபடத்துக்கு ஆலோசனை சொன்னார். கட்டடங்களை எழுப்பியவர் நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். 1952இல் மாணவர்கள் அங்கே குடிவந்தார்கள். முறைப்படி திறப்பு விழா நடந்தது 1954 ஏப்ரல் மாதம், எலிசபெத் மகாராணி இலங்கைக்கு வந்திருந்தபோது. பல்கலைக்கழகம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததால், திறந்து வைத்த மகாராணியின் கணவர் எடின்பரோ கோமகன் அதை "வழமையைவிட அதிகமாகத் திறந்ததாக" அறிவித்தார். அந்த வாசகம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த ஐந்து நாள் காய்ச்சலும் கூடவே ஞாபகம் வரும்.

தங்கிப் படிக்கும் இடம் என்று முதலிலேயே நினைத்துக் கட்டியதால், விடுதிதான் அங்கே மையம். அருணாசலம் விடுதி, ராமநாதன் விடுதி என்று பெயர்கள். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906இலேயே இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்துப் பாடுபட்டவர். அவருடைய அண்ணன்தான் ராமநாதன். ஜயதிலக்க, மார்ஸ், சங்கமித்தா, ஹில்டா ஒபேசேகர, ஜேம்ஸ் பீரிஸ், அக்பர் என்று இன்னும் பல விடுதிகள் உண்டு. பொறியியல் பீடம் மகாவலிக்கு அக்கரையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆற்றைக் கடக்க அக்பர் பாலம். வளாகத்துக்குள்ளேயே ஒரு ரயில் தரிப்பிடமும் உண்டு, சரசவி உயன என்று பெயர். சிங்களத்தில் கலைமகள் பூங்கா என்பதுபோல் பொருள் வரும். நான் வீட்டுக்குப் போக அங்கேதான் ரயில் ஏறுவேன். ஒன்பது பீடங்கள் உள்ள பெரிய இடம். முதல் வாரம் வழி தெரியாமல் அலைவது எல்லாருக்கும் நடக்கும், அதற்கு வெட்கப்பட வேண்டாம்.

விடுதியைப் பற்றி ஒரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எல்லா வருடத்துக்கும் எல்லாருக்கும் விடுதி கிடைப்பதில்லை. மாணவர் தொகை கூடிய அளவுக்குக் கட்டில்கள் கூடவில்லை. பொதுவாக முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் முன்னுரிமை கொடுப்பார்கள். நடுவில் வெளியே அறை எடுக்க நேரலாம். வீட்டுத் தூரமும் குடும்ப வருமானமும் பார்ப்பார்கள் என்பதால், விண்ணப்பத்தில் அவற்றைச் சரியாக எழுத வேண்டும். நம் ஆட்களில் சிலர் வருமானம் குறைவு என்று எழுதவே கூச்சப்படுகிறார்கள். அப்பாவின் சம்பளத்தைக் கூட்டி எழுதிய ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். பிறகு உதவிப் பணம் கிடைக்காமல் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். இலவசக் கல்வி நம் நாட்டில் 1945இல் நடைமுறைக்கு வந்தது. உள்வாரிப் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி எல்லாம் காசுதான். அதற்காகத்தான் மகாபொல புலமைப்பரிசில். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது 1981இல் இதற்கான சட்டம் வந்தது. அன்று மகாபொல வர்த்தகக் கண்காட்சிகள் நடத்தி, வந்த வருமானத்தை இந்த நிதிக்குச் சேர்த்தார்கள். மாதம் 5,000 ரூபாயாகப் பல வருடம் இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பர்சரி என்ற மாத உதவிப் பணம் உண்டு, அதற்குக் குடும்ப வருமானமே முக்கியம். இரண்டையும் திருப்பிக் கட்டத் தேவையில்லை. இது கடன் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்ட வீடுகள் இருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் பர்சரி விண்ணப்பத்துக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில் அதற்காக அப்பாவை நாலு தடவை அலையவிட்டார்கள். நாலு நாள் பேர் போனது, அதாவது நாலு நாள் கூலி போனது. ஆகவே கடிதம் வந்த அன்றே வருமானச் சான்று, வதிவிடச் சான்று, பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள். கடைசித் தேதியைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

சுகாதார நிலையத்தைப் பற்றி இன்னும் ஒன்று. பரீட்சை நாளில் நோய் வந்துவிட்டால், வெளியே எடுத்த மருத்துவச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. அதைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை எழுதும்போது அது மீள்பரீட்சையாகக் கணக்கிடப்பட்டு, பட்டத்தில் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கிடைக்கும் வகுப்புச் சித்தி கைவிட்டுப் போகலாம். நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே இது நடந்திருக்கிறது.

அடுத்தது மொழி. தமிழில் உயர்தரம் படித்த பிள்ளை அங்கே போனால் அறிவித்தல் பலகையில் சிங்களம், விரிவுரையில் ஆங்கிலம், விடுதியில் மூன்றும். முதல் மாதம் நான் வாயே திறக்கவில்லை. இதற்கென்றே ஆங்கில மொழி கற்பித்தல் பிரிவு இருக்கிறது. தொடக்கத்தில் நடத்தும் ஆங்கில வகுப்புகளைப் புள்ளி கிடைக்காத வகுப்பு என்று விட்டுவிடாதீர்கள். நூலகத்தில் எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் படிக்கிற துணிவு எனக்கு அந்த வகுப்பில்தான் வந்தது. சிங்களத்தை அறைத் தோழியிடம் படித்தேன். அவளுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இன்றும் போனில் அவள் தமிழில் பேசுவாள், நான் சிங்களத்தில் பதில் சொல்வேன்.

நூலகத்தைத் தனியே சொல்லாமல் போக மனம் வரவில்லை. லயத்தில் எங்கள் வீட்டில் மொத்தம் இருந்தது ஐந்தாறு புத்தகம். அந்த அடுக்குகளுக்கு நடுவில் முதல்முறை நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இலங்கை தொடர்பான நூல்களுக்கென்றே தனித் தொகுப்பு உண்டு. சுவாமி விபுலாநந்தர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அந்தத் தமிழ்த்துறை பின்னர் பேராதனைக்கு வந்தது. அதனால் தமிழ் நூல்களுக்கும் அங்கே குறைவில்லை. நூலகரிடம் போய்க் கேளுங்கள். கேட்டால் தேடித் தருவார்கள், தேடுகிற முறையையும் காட்டித் தருவார்கள்.

அப்புறம், எந்த அலுவலகமும் நடத்தாத ஒரு சேவையும் அங்கே இருக்கிறது. அதற்குப் பெயர் குப்பி. பரீட்சைக்கு முன் பாடம் விளங்கிய ஒரு பிள்ளை, விளங்காத பத்துப் பேரை உட்காரவைத்து இரவிரவாகச் சொல்லிக்கொடுக்கும். சிங்களப் பிள்ளைகளும் குப்பி என்றுதான் சொல்வார்கள். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்குத்தான் அது. மின்சாரம் வராத காலத்தில் லயத்தில் நான் படித்ததும் குப்பி விளக்கில். இரண்டாம் வருடம் நானே ஒரு குப்பி நடத்தினேன். கன்டீன் மூடிய பிறகு அதே மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் இருந்தோம். கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். உங்களுக்கு ஒரு பாடம் விளங்கினால் நீங்களும் நடத்துங்கள்.

பகிடிவதை பற்றிப் பெற்றோர் கேட்பீர்கள் என்று தெரியும். மறைக்க மாட்டேன், நம் பல்கலைக்கழகங்களில் அது பிள்ளைகளின் உயிரையே எடுத்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பாரிய காயம் அல்லது பாலியல் துன்புறுத்தல் என்றால் பத்து வருடம் வரை போகும். அக்கா அண்ணாமாரின் அன்பு வேறு, இது வேறு. என் செருப்பை எடுத்து முன்னால் வைத்தாரே, அவரும் சீனியர்தான். யாராவது உங்கள் பிள்ளையை அவமானப்படுத்தினால் விடுதிக் காப்பாளரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ சொல்லலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். சொன்னால் பிள்ளைக்குத்தான் கெடுதல் என்று நீங்களே வாயை அடைத்துவிடாதீர்கள்.

மாணவர் ஆலோசகர் என்பவர் விரிவுரையாளர்களில் ஒருவர். பகிடிவதைக்கு மட்டும் அவரிடம் போக வேண்டும் என்றில்லை. படிக்க முடியவில்லை, தூக்கம் வரவில்லை, வீட்டில் பிரச்சினை, காதல் முறிந்துவிட்டது, எதுவானாலும் போகலாம். கவலை என்று சொல்லிப் போவது நம்மிடையே பழக்கமில்லை. ஹந்தானைப் பக்கம் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. மனம் கனத்த நாட்களில் நான் அங்கே ஏறிப்போய் உட்கார்ந்திருப்பேன், பாரம் குறையும். இரண்டுக்கும் போகலாம் பிள்ளைகளே. கோயிலுக்குப் போனதால் ஆலோசகரிடம் போகக் கூடாது என்றில்லை.

அம்மா அப்பாமாருக்குக் கடைசியாக ஒன்று. முதல் நாள் பிள்ளையோடு போவீர்கள். பதிவு முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவராதீர்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் நின்று, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்து போங்கள். சுகாதார நிலையத்து வாசல் வரை போங்கள், நூலக வாசல் வரை போங்கள், மாணவர் சேவைகள் நடக்கும் அலுவலகம் எது என்று கேட்டு அங்கேயும் போங்கள். வாசலில் நின்றுவிடாமல் பிள்ளையை உள்ளே விட்டு, "எனக்கு ஏதும் தேவை என்றால் எத்தனை மணிக்கு வரலாம்?" என்று பிள்ளையின் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள். பதிலை வாங்கிக்கொண்டு அது திரும்பி வரட்டும். பிறகு பஸ் ஏறலாம், மாலையிலும் ஹட்டனுக்குப் பஸ் இருக்கிறது.

வணக்கம்.